சொந்தப் பட்டா நிலத்தில் அப்பாவை அடக்கம் செய்யலாமா? அனுமதி, வரி, பின்னாளில் விற்பனை

கேள்வி: புஞ்சைக்காடு

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி எல்லைக்குள் 1 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை. அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. நிலத்தின் தென்கிழக்கு மூலையில் தாத்தாவின் கல்லறை இருக்கிறது, 1984-ல் கட்டியது. அப்பாவுக்கு 79 வயது. தன்னையும் அங்கேயே தாத்தா பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எங்களுக்கு எரிக்கும் வழக்கம் இல்லை, புதைக்கும் வழக்கம்தான்.

நிலத்தில் ஒரு கிணறு உண்டு. பக்கத்து நிலத்தில் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு வீடு வந்திருக்கிறது. ஊர் மயானம் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது, பாதையும் உண்டு.

சொந்த நிலம்தானே, யாரிடம் கேட்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. அது சரியா? அனுமதி தேவை என்றால் யாரிடம் வாங்குவது? கல்லறை வந்தால் அந்த இடத்துக்கு வரி மாறுமா? நாளை நாங்களோ பிள்ளைகளோ நிலத்தை விற்க நேர்ந்தால் என்ன சிக்கல் வரும்?

பதில் 1: வரப்பு

ஊர்ப்புறத்தில் காலங்காலமாக நடப்பதுதான். 90 மீட்டருக்குள் வீடோ குடிநீர்க் கிணறோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அதைத் தாண்டி இருந்தால் பட்டா நிலத்தில் புதைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. விஏஓ-விடம் (கிராம நிர்வாக அலுவலர்) சொல்லி இறப்பைப் பதிந்தால் போதும்.

பதில் 2: அடங்கல்

வரப்பு சொல்வது பலரும் நம்புகிற கருத்து. ஆனால் இன்றைய நிலையில் அது தவறு. இதை நம்பிக் குழி வெட்டியவர்கள் உடலைத் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிராம ஊராட்சிகளுக்குப் பொருந்துவது, 1994 ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் வந்த 1999-ஆம் ஆண்டு இடுகாடு, சுடுகாடு விதிகள். அதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, புதிதாக எந்த இடத்தையும் பிணம் புதைக்கவோ எரிக்கவோ பயன்படுத்துவதற்கு முன் ஊராட்சியிடம் உரிமம் பெற வேண்டும். பொது இடமா தனியார் இடமா என்ற வேறுபாடு அங்கே இல்லை. மற்றொன்று, குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதைக்கக் கூடாது என்ற தடை. இரண்டாவதை மட்டும் படித்துவிட்டு, 90 மீட்டருக்கு அப்பால் எங்கே வேண்டுமானாலும் புதைக்கலாம் என்று தலைகீழாகப் பொருள் கொண்டதால்தான் இத்தனை வழக்குகள்.

ஒரு காலத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளே இதில் இரண்டு பக்கமாக இருந்தன. பிறகு சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அதைத் தீர்த்து வைத்தது. உரிமம் பெற்ற, அல்லது மயானமாக அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும். நிலம் சொந்தம் என்பதோ, அக்கம்பக்கத்தார் எதிர்க்கவில்லை என்பதோ உரிமத்துக்கு ஈடாகாது. மீறிப் புதைத்த உடலை எடுத்து உரிய இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும். சாரம் இதுதான்.

தனியார் நிலத்தில் அடக்கமே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. அனுமதி இருந்தால் முடியும். 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ்நாட்டுத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைப் பெரம்பூர் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய நீதிமன்றம் இசையவில்லை. பொத்தூரில் ஒரு தனியார் நிலத்தில் அரசு அனுமதியோடு அடக்கம் நடந்தது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உச்ச நீதிமன்றத்தில் 2025 ஜனவரி 27 அன்று வந்த சத்தீஸ்கர் பஸ்தர் வழக்கையும் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். அதில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். ஒருவர் குடும்ப நிலத்திலேயே அடக்கம் செய்யலாம் என்றார், மற்றவர் குறிக்கப்பட்ட மயானத்தில்தான் என்றார். உடல் ஜனவரி 7 முதல் பிணவறையில் கிடந்ததால், கடைசியில் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள். அதனால் அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சொந்த நிலத்தில் உரிமை கேட்க முடியாது.

இறந்த பிறகு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் அதுதான் உதாரணம். ஐஸ் பெட்டி இரண்டு மூன்று நாளுக்குத்தான் தாங்கும், உரிமம் அந்த வேகத்தில் வராது. அப்பா நல்லபடியாக இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அவருடைய கையெழுத்திலேயே போனால் இன்னும் நல்லது.

நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் நிலம் இருப்பவர்களுக்கு வேறு சட்டம்: 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும். அங்கேயும் அனுமதி இல்லாமல் முடியாது.

பதில் 3: சங்கிலி

சட்டத்தை அடங்கல் சொல்லிவிட்டார். நான் அளவைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான விண்ணப்பங்கள் அங்கேதான் நிற்கும்.

90 மீட்டர் என்பது 295 அடி. உங்கள் 1.40 ஏக்கர் சரியான சதுரமாகவே இருந்தாலும் ஒரு பக்கம் சுமார் 75 மீட்டர்தான். நட்ட நடுவில் குழி வெட்டினாலும் வேலிக்கு 38 மீட்டர்கூட வராது. 90 மீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதும் சொந்த நிலத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்றால் 6.3 ஏக்கர் வேண்டும். ஆகவே உங்கள் விஷயத்தில் முடிவு செய்யப்போவது பக்கத்து நிலத்தில் இருக்கும் வீடும், உங்கள் கிணறும்தான். எல்லைக் கல்லிலிருந்து அளக்காதீர்கள், குழி வரும் இடத்திலிருந்து அந்த வீட்டின் சுவர் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வரப்பைச் சுற்றி நடந்து அளந்த தூரம் செல்லாது.

கிணறு பாசனக் கிணறுதான் என்று சொல்லித் தப்ப முடியாது. களத்து வேலைக்கு வருகிறவர்கள் அதில் குடிக்கத் தண்ணீர் எடுத்தாலே ஆய்வுக்கு வருகிறவர் குடிநீர் ஆதாரம் என்றுதான் எழுதுவார். பக்கத்துக்காரர் போர்வெல்லும் அப்படியே. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் போர் அருகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இடம் தேறினால் மண்ணைப் பாருங்கள். ஆறடி ஆழத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டிவிடுவது நல்லது. புஞ்சையில் நாலடியிலேயே சுக்கான் பாறை தட்டுவது சாதாரணம், அன்றைய தினம் அதைக் கண்டுபிடித்தால் நாலடியோடு மூடிவிடுவார்கள், நாயும் நரியும் தோண்டும். ஏழடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி ஆழம் என்றால் 126 கன அடி மண், ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). உடலுக்கு மேல் குறைந்தது மூன்றடி மண் இறுக்கமாக விழ வேண்டும்.

தண்ணீர் மட்டத்தைச் சித்திரையில் பார்த்து ஏமாறாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று மட்டம் எவ்வளவு மேலே வருகிறதோ அதுதான் கணக்கு. மழைக்காலத்தில் குழியின் அடி ஊறினால் அந்த இடம் ஆகாது, எத்தனை மீட்டர் தள்ளி இருந்தாலும் ஆகாது. ஆற்று மணலும் சரளையும் தண்ணீரை வேகமாகக் கீழே விடும், குழியின் பக்கமும் சரியும். செம்மண் நன்றாக நிற்கும். கரிசலில் புதைக்கலாம், ஆனால் கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது. காரியம் முடிந்த கையோடு செங்கல் வைத்துக் கல்லறை கட்டினால் அடுத்த வருடமே பிளக்கும். எந்த மண்ணானாலும் ஒரு மழைக்காலம் போகட்டும். பெட்டி இற்று, மண் இறங்கி நின்ற பிறகு கட்டுங்கள். அதுவரை ஒன்றரை அடி மேடு வைத்து, சுற்றிலும் கல் நட்டால் போதும்.

பதில் 4: அடங்கல்

விண்ணப்பம் எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

ஊராட்சித் தலைவருக்கு எழுத்தில் மனு. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவருக்கு. இடத்தின் வரைபடம், நான்கெல்லை, பரப்பு, உரிமையாளர் பெயர், யார் பராமரிப்பார்கள் என்ற விவரம் எல்லாம் விதியே கேட்பவை. கூடவே பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்), வில்லங்கச் சான்று, பத்திர நகல் வையுங்கள். வரைபடத்தில் 90 மீட்டர் வட்டத்தை வரைந்து, அதற்குள் வீடோ குடிநீரோ இல்லை என்று காட்டுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபால். ஊராட்சித் தீர்மானம் எண்ணோடு எழுத்தில் வர வேண்டும். "பார்த்துக்கலாம் போங்க" என்று வாயால் சொன்னது தாசில்தார் முன்னால் நிற்காது.

உங்களுடையது கூட்டுப் பட்டா. சித்தப்பா இன்று சம்மதிக்கிறார் என்பது போதாது, அவருடைய எழுத்துச் சம்மதமும், அவர் பிள்ளைகளுக்கு உரிமை இருந்தால் அவர்களுடையதும் வேண்டும். நிலத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அரசு ஒப்படை செய்த நிலமோ பஞ்சமி நிலமோ (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கியது) என்றால் ஒப்படை ஆணையின் நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.

தாத்தாவின் கல்லறை 1984-லிருந்து இருப்பதால் அந்த இடம் தானாக மயானம் ஆகிவிட்டது என்று எழுதாதீர்கள். ஒரு கல்லறை இருப்பது உரிமம் ஆகாது. "குடும்பத்தார் ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்ட இடம்" என்று உண்மையை மட்டும் குறிப்பிடுங்கள்.

அனுமதி வராமலேயே அடக்கம் செய்யப் போய், யாராவது புகார் கொடுத்தால் வருவாய் ஆய்வாளரும் போலீசும் அன்றைக்கே வந்து நிறுத்துவார்கள். துக்க வீட்டில் பந்தலுக்கு அடியில் சமாதானப் பேச்சு நடத்தும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இறப்புப் பதிவு இதிலிருந்து தனி. வீட்டில் இறந்தால் விஏஓ-விடம் 21 நாளுக்குள். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு, அதற்குப் பின் மேலதிகாரி அனுமதியோடு, ஒரு வருடம் கடந்தால் நிர்வாக நடுவர் உத்தரவோடுதான். பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்றும் வாங்கிவிடுங்கள். விபத்து, தற்கொலை, சந்தேகம் எதுவாக இருந்தாலும் போலீஸ் விசாரணை முடியாமல் புதைக்கவே கூடாது. அப்படிப் புதைத்தால் நடுவர் உத்தரவில் தோண்டுவார்கள்.

பதில் 5: தபசில்

வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. புஞ்சைக்கு நிலத்தீர்வை கட்டுகிறீர்கள், கல்லறை இருக்கும் சென்ட்டுக்கும் அதே தீர்வைதான். மேடைக்கு வீட்டு வரி கிடையாது. நகரத்தில் பதிவேட்டில் ஏறிய மயானத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு என்று சொல்வார்கள், அது தோட்டத்தில் இருக்கும் ஒற்றைக் கல்லறைக்கு வராது. கூரை போட்டு, அறை கட்டி, மின் இணைப்பும் வாங்கினால்தான் கட்டடம் என்று வரி விதிக்க இடம் வரும். விவசாய இலவச மின்சாரத்திலிருந்து கல்லறைக்கு விளக்கு இழுக்காதீர்கள், மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அபராதம் போடுவார்கள்.

விற்பனைதான் யோசிக்க வேண்டிய விஷயம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் கல்லறையைக் காட்டாது. பதிவான ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லாமல் நிலம் கைமாறினால், புதிய உரிமையாளர் வேலி போட்ட மறுநாள் நீங்கள் திதிக்கு உள்ளே போக முடியாது. வழக்குப் போட்டு வழிப்பாதை உரிமையை நிலைநாட்டுவது வருடக்கணக்கில் இழுக்கும்.

இன்றே செய்யக்கூடியது: கல்லறை இருக்கும் இடத்தைத் தனி உட்பிரிவாகப் பிரித்துவிடுங்கள். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு 5 சென்ட்டைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் விலையின்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி, சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, பட்டா மாற்றிக்கொள்ளலாம். நெருங்கிய குடும்ப உறவுக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) ஏக்கருக்கு 10 லட்சம் என்று வையுங்கள், 5 சென்ட்டின் மதிப்பு 50,000. தீர்வை 500, பதிவு 500, மற்ற சில்லறைக் கட்டணம் தனி. சித்தப்பாவிடமிருந்து அண்ணன் பிள்ளைகளுக்குப் போகும் பங்கு இந்தச் சலுகைக்குள் வருமா என்று மட்டும் எழுதுவதற்கு முன் சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள். வராது என்றால் அவர் தன் பங்கைத் தன் பிள்ளைகளுக்கும், அப்பா தன் பங்கைத் தன் பிள்ளைகளுக்கும் எழுதலாம். சிறு பரப்பு என்பதால் மனைப்பிரிவோ என்ற கேள்வியும் வரலாம். விவசாய நிலம், மனை அல்ல என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

அதே பத்திரத்தில் பாதையையும் எழுதுங்கள். "போக வர வழி உண்டு" என்று பொதுவாக எழுதுவது பயன்படாது. எந்த ரோட்டிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை அடி அகலம், எத்தனை அடி நீளம் என்று தபசிலில் (பத்திரத்தின் சொத்து விவரப் பகுதி) வந்து, வரைபடம் இணைக்கப்பட வேண்டும். ஆள் நடக்க மூன்றடி போதும், ஆனால் ஒருநாள் கல்லும் மணலும் ஏற்றிய வண்டி வர வேண்டியிருக்கும், 10 அடியாவது விடுங்கள். பிறகு மீதி 1.35 ஏக்கரை விற்றாலும் அந்த 5 சென்ட்டும் பாதையும் உங்களோடு நிற்கும்.

மறைத்து மட்டும் விற்காதீர்கள். மேடு கரைந்து உழவுக்குள் போன பழைய அடக்கம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குறையைச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு.

இன்னொரு தவறான நம்பிக்கை: "இந்த நிலத்தை என்றைக்கும் விற்கக் கூடாது, வருமானத்தில் சமாதிக்குப் பூஜை நடக்க வேண்டும்" என்று எழுதிவைத்தால் காலத்துக்கும் நிற்கும் என்பது. நிற்காது. முழு உரிமையைக் கொடுத்துவிட்டு விற்கவே கூடாது என்று போடும் நிபந்தனை அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவில் செல்லாது. தனிநபர் சமாதியின் பூஜைக்காகச் சொத்தை நிரந்தரமாக ஒதுக்குவதும் செல்லாது என்று 1953-லேயே உச்ச நீதிமன்றம் சரஸ்வதி அம்மாள் எதிர் ராஜகோபால் அம்மாள் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது. அதனால்தான் பொதுவில் வைத்த உட்பிரிவு என்கிறேன். அதை விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், நடைமுறையில் அதுவே காவல்.

கேள்வி கேட்டவர்: புஞ்சைக்காடு

அனைவருக்கும் நன்றி. டேப் பிடித்து அளந்தோம். தாத்தா கல்லறையிலிருந்து பக்கத்து வீட்டுச் சுவர் 64 மீட்டர், எங்கள் கிணறு 52 மீட்டர். வடமேற்கு மூலையிலிருந்து வீடு 118, கிணறு 97. ஆனால் அந்தப் பக்கத்து வரப்புக்கு அப்பால் ஒரு போர்வெல் 80 மீட்டரில் இருக்கிறது, அதிலிருந்து குடிக்க எடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 6: சங்கிலி

தாத்தா பக்கத்தில் முடியாது, அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வடமேற்குக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். புலப்படத்தை எடுங்கள். அளவை 1:1000 என்றால் காம்பஸை 9 சென்டிமீட்டருக்கு வையுங்கள், 1:2000 என்றால் நாலரை. வீடு, உங்கள் கிணறு, அந்த போர்வெல் மூன்றையும் மையமாக வைத்து மூன்று வட்டம் போடுங்கள். வீட்டுக்குச் சுவரின் உங்கள் பக்கத்து மூலையை மையமாக எடுங்கள். மூன்றுக்கும் வெளியே உங்கள் நிலத்தில் ஏதாவது மிஞ்சினால் அந்தத் துண்டுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கிணற்றுக்கு ஏழு மீட்டர்தான் உபரி, போர்வெல்லுக்குப் பத்து மீட்டர் பற்றாக்குறை. மிஞ்சினாலும் ஒரு சிறு முக்கோணம்தான் மிஞ்சும். உங்கள் கிணற்றில் குடிக்க எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று எழுதிக் கொடுப்பதை நம்பாதீர்கள், ஆய்வுக்கு வருகிறவர் கிணற்றைத்தான் பார்ப்பார்.

பதில் 7: அடங்கல்

மிஞ்சவில்லை என்றால் ஊர் மயானத்தில் அடக்கம் செய்யுங்கள். பாதையும் இருக்கிறது என்கிறீர்கள். (இதைப் படிக்கும் வேறு யாருக்காவது மயானப் பாதை அடைக்கப்பட்டதுதான் காரணம் என்றால், பட்டா நிலத்துக்கு அனுமதி கேட்காமல் பாதையைத் திறக்கச் சொல்லி ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது மயானத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3-ஆம் பிரிவில் குற்றம்.)

அப்பாவின் விருப்பத்தில் பாதியையாவது நிறைவேற்ற வழி இருக்கிறது. அடக்கம் முடிந்ததும் குழி மேட்டிலிருந்து பிடிமண் எடுத்துவந்து தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்து, பெயரும் நாளும் வெட்டிய கல் நடலாம். விதியின் தடை பிணத்துக்குத்தான், பிடிமண்ணுக்கும் நினைவுக் கல்லுக்கும் 90 மீட்டர் கணக்கு இல்லை. கல் இடுப்பளவு போதும், மேலே மண்டபம் எழுப்ப நினைத்தால் ஊராட்சியில் கட்டட அனுமதி கேட்க வேண்டும். தபசில் சொன்ன 5 சென்ட் உட்பிரிவைத் தென்கிழக்கு மூலையிலேயே, தாத்தாவின் கல்லறையையும் இந்தக் கல் வரும் இடத்தையும் சேர்த்து அளந்துவிடுங்கள். அதை அப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அவர்களுக்குப் பின் என்றால் எல்லா வாரிசுகளையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.